புதுமண்டபச் சிற்பியும் கல்லில் நின்ற வடுவும்

மதுரை மாநகரின் வடமேற்கே, வையையின் தென்கரையை அடுத்து, ஆரப்பாளையம் என்னும் பகுதி அமைந்துள்ளது. இக்காலத்து மக்கள் அதனைப் பேருந்து நிலையத்தினால் அறிவர்; சிவநேசச் செல்வர்களோ அங்குள்ள பிட்டுத்தோப்பினால் அறிவர். ஆண்டுதோறும் ஆவணி மூலத்தன்று சொக்கலிங்கப் பெருமானும் அங்கயற்கண் அம்மையும் அத்தோப்பிற்கு எழுந்தருள, திருப்பரங்குன்றத்திலிருந்து முருகப்பெருமானும், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகப் பெருந்தகையும் ஆங்கு எழுந்தருளுவர். வையை பெருக்கெடுத்த நாளில், வந்தி என்னும் முதியவளின் பங்குக்குக் கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்று, கூடையும் மண்வெட்டியுங் கொண்டு இறைவன் கரையடைத்த திருவிளையாடல் ஆண்டு நடித்துக் காட்டப்பெறும்.

இத்திருவிளையாடலில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பாண்டியனுடைய கணக்கில் கரையின் பங்குகள் எழுதப்பட்டிருந்தன. பங்குக்கு உரியோர் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. மண் சுமந்த கூலியாளின் பெயரோ அக்கணக்கில் இல்லை. பெயரில்லாத அவ்வாள் யாவன் என்பது, பிரம்படி பட்ட பின்னரே உலகிற்குத் தெரிந்தது. பெயர் எழுதப்படாத தொழிலாளியிடத்தே இறைவன் மறைந்து நிற்கக்கூடும் என்னும் உண்மையைப் பிட்டுத்தோப்பு ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றது.

அவ்வுண்மையை உளத்திற் கொண்டு பிட்டுத்தோப்பிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்று, திருக்கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே நிற்கும் புதுமண்டபத்துட் புகுவார்க்கு ஒரு வினா எழாமற் போகாது. இம்மண்டபத்தைக் கட்டியவர் யாவர்? திருமலை நாயக்கர் என்று குழந்தையுங் கூறும். கி. பி. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட அம்மன்னர் அதனைக் கட்டுவித்தவரே. கல்லை எடுத்து, அளந்து, பொளிந்து, உருவாக்கி நிறுத்தியவர் வேறு. அவர்தம் வாழ்க்கை எத்தகையது? அவர் எவரிடம் கற்றனர்? எவ்வாறு தொழில் செய்தனர்? எதனைக் கண்டு உளங்கொண்டனர்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் மண்டபமும்

புதுமண்டபம் வசந்த விழாவிற்கென எடுக்கப்பட்டது. வேனிற்காலத்தில் இறைவனும் இறைவியும் எழுந்தருளி இளைப்பாறுதற்பொருட்டு, சுற்றிலும் நீர் நிற்குமாறு அகழ் போன்ற கால்வாய் அமைத்து, நடுவே இம்மண்டபத்தை நிறுத்தினர். கிழக்கு மேற்காக நீண்ட மண்டபத்தில் நான்கு வரிசையாக 120க்கு மேற்பட்ட கற்றூண்கள் நிற்கின்றன. மேலைக் கோடியில் மெருகேற்றிய கருங்கல்லாலாகிய சிறு மண்டபம் ஒன்றுண்டு. விழா நாட்களில் திருவுருவங்கள் வீற்றிருத்தற்கு உரிய இடம் அது. திருமலை நாயக்கர் ஆட்சியின் முதற் பகுதியில், ஏறத்தாழ 1635 ஆம் ஆண்டளவில், இப்பணி நிறைவுற்றது என்பர்.

இத்துணைப் பெரிய பணியை ஒருவரே செய்திருத்தல் இயலாது. பல நூறு தச்சர் உழைத்திருத்தல் வேண்டும். அவருள் தலைவராய் நின்றவர் சுமந்திரமூர்த்தி ஆசாரி என்பது மதுரையில் வழிவழியாக வழங்கும் செய்தி. அவர் பிறந்த ஊரும், ஆண்டும், குருவின் பெயரும் செவிவழிச் செய்தியிலும் நில்லாமல் மறைந்தன. எனினும் அவர் வாழ்க்கையை அறிதற்கு வேறு வழி உண்டு. சிற்பியின் பிறப்பும் இறப்பும் மறையலாம். அவன் தொழில்முறை மறைவதில்லை. நூல்களில் விதியாகவும், கல்லில் உளியின் சுவடாகவும், இன்றும் அத்தொழில் புரிவோர் கையில் பழக்கமாகவும் அது நிற்கின்றது.

கல்வி

கோயிற்பணி செய்வோரைச் சிற்ப நூல்கள் நால்வகையாகப் பகுத்துரைக்கும். முழுப் பணியையும் மனத்தால் வகுத்து நடத்துவோன் ஸ்தபதி. நூல் பிடித்து அளவு காட்டுவோன் சூத்திரக்கிராகி. கல்லையும் மரத்தையும் செதுக்குவோன் தட்சகன். உறுப்புக்களை இணைத்து வளர்ப்போன் வர்த்தகி. கற்பவன் கீழ்ப்படியினின்றே தொடங்குவான். முதலில் உளி கூராக்கவும், பெருங்கல்லின் வேண்டாப் பகுதியைப் பொளிந்து தள்ளவும் பழகுவான்; பின்பு கொடியும் இலையுமாகிய ஒப்பனை வேலை கைவரும்; அதன்பின் யாளியும் குதிரையும்; இறுதியிலேயே திருமேனி. தந்தையே பெரும்பாலும் குருவாவான்; பட்டறையே பள்ளியாகும்.

மயமதம், மானசாரம், காசியபம், அகத்தியர் பெயரால் வழங்கும் சகளாதிகாரம் முதலிய நூல்களும், காமிகம், காரணம் முதலிய சிவாகமங்களின் கிரியைப் பகுதிகளும் இவர்க்கு இலக்கணம். அவற்றுள் தலையாயது தாலமானம் என்னும் அளவை முறை. எட்டு யவம் கொண்டது ஓர் அங்குலம். பன்னிரண்டு அங்குலம் கொண்டது ஒரு தாலம். திருமேனியின் உயரத்தை உத்தம தசதாலத்தில் 124 கூறாகப் பகுத்து, அக்கூறு ஒன்றையே அங்குலமாகக் கொள்வர். மத்திம தசதாலம் 120 கூறும், அதம தசதாலம் 116 கூறும் உடையன. சிவபெருமான் முதலிய பெருந்தெய்வங்கட்கு உத்தம தசதாலமும், உமையம்மை முதலிய தேவியர்க்கு மத்திம தசதாலமும், பிள்ளையார்க்குப் பஞ்சதாலமும், மானிடர்க்கு அட்டதாலமும் பெரும்பான்மை வழக்கு.

இம்முறையின் நுட்பம் உணர்தற்குரியது. இங்கே அங்குலம் என்பது சிற்பியின் விரலளவும் அன்று, கடைத்தெருவின் அளவுகோலும் அன்று. செய்யப்படும் உருவத்தினின்றே தோன்றும் அளவு. ஆகவே, உருவம் ஒரு சாணாயினும் இரண்டாள் உயரமாயினும் உறுப்புக்களின் இயைபு மாறுவதில்லை. சிற்பி தன் உடம்பை அளவாகக் கொள்ளாமல், தெய்வத்தின் திருமேனியையே அளவாகக் கொள்கின்றான். யான் எனது என்னும் செருக்கைக் கழற்றுதலே சைவ சாதனத்தின் முதற்படி என்பர். சிற்பியின் கல்வியோ அளவுகோலிலேயே அதனைத் தொடங்கிவிடுகின்றது.

கல் தேர்தல்

உருவம் செய்யப் புகுமுன் கல்லை ஆராய்தல் சிற்பியின் முதற் கடமை. கல்லைத் தட்டி, அதன் ஒலியைக் கொண்டு ஆண், பெண், அலி என மூவகைப்படுத்துவர். மணியோசைபோல் கணீரென ஒலிப்பது ஆண்கல். மென்மையாக ஒலிப்பது பெண்கல். ஒலியற்று அடங்குவது அலிக்கல். இறைவன் திருமேனிக்கு ஆண்கல்லும், அம்மையின் திருவுருவிற்கும் பீடத்திற்கும் பெண்கல்லும் கொள்வர். அலிக்கல் அடித்தளம் முதலியவற்றிற்கே ஆகும். மேலும் இளங்கல், பருவக்கல், முதுகல் என்றும் பாகுபாடுண்டு. இளங்கல் உளிக்கு நெகிழ்ந்து உதிரும். முதுகல் உளியை ஏற்காது சிதறும். பருவக்கல்லே பணிக்கு உரியது.

இவற்றினும் அரியது கருப்பம் காண்டல். கல்லினுள்ளே வெற்றிடமும், நீரும், வேற்றுப்பொருளும் மறைந்திருத்தல் உண்டு. கல்லின் மேல் மருந்துக் குழம்பைப் பூசி வைத்து, தோன்றும் கறையின் நிறங்கொண்டு உள்ளே யாது உளது என உய்த்துணரும் முறையை நூல்கள் விரித்துரைக்கும். கருப்பமுள்ள கல்லில் திருமேனி செய்தல் கூடாது என்பது விதி. கருநாடகத்துப் பேலூரில் இது பற்றி ஒரு கதை வழங்குகின்றது. ஜகணாசாரி என்னும் பெருஞ்சிற்பி செய்த உருவத்தில் பழுதுண்டு என்று இளைஞன் ஒருவன் கூற, ஆராய்ந்தவிடத்து உள்ளே தேரை இருக்கக் கண்டனர். சொல்லியபடி சிற்பி தன் வலக்கையைத் துணித்துக்கொண்டான். குறைகண்ட இளைஞன் தன் மகனே எனப் பின்னர் அறிந்தான் என்பது அக்கதை. கதை எத்துணை உண்மையாயினும் ஆகுக; கல்லின் அகத்தை அறியாமை சிற்பிக்குப் பெரும்பிழை என்னும் கொள்கை அதனுள் தெளிவாக நிற்கின்றது.

பட்டறையும் நாள்முறையும்

தேர்ந்த கல்லில் வரிசையாகக் குழி பொளிந்து, ஆப்பறைந்து பிளந்து, உருளைகளின்மேல் ஏற்றிப் பட்டறைக்குக் கொணர்வர். முகத்தைச் சமனாக்கியபின், நடுவே நேர்கோடு ஒன்று இடுவர். உச்சி, புருவநடு, மூக்கு, மிடறு, கொப்பூழ் வழியாக இரு பாதங்களின் இடையே இறங்கும் அக்கோடு பிரமசூத்திரம் எனப்படும். அதனையே உயிர்க்கோடாகக் கொண்டு, காவிக்குழம்பினால் உருவத்தைக் கல்லின்மேல் வரைவர். வரைந்த கோடு உளிபட்டு அழியுந்தோறும் மீண்டும் வரைவர். ஒரு திருமேனி முற்றுப்பெறுதற்குள் எத்துணை முறை வரைந்தும் அழிந்தும் வருகின்றது என்பது கணக்கிலடங்காது. சிற்பியின் உள்ளத்து வடிவம் நிலையாக நின்றாலன்றி இது கூடாது. ஆதலின் தியான சுலோகத்தை உருவேற்றி, அவ்வடிவத்தை அகத்தே நிறுத்திய பின்னரே உளியைத் தொடுதல் வேண்டும் என்பர்.

பட்டறையின் ஒரு புறத்தே உலைக்களம் இருக்கும். கருங்கல்லில் உளி விரைவில் மழுங்கும். மழுங்கிய உளிகளைக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, துவைச்சலிட்டுத் தருதல் கொல்லன் தொழில். துவைச்சல் மிகின் உளி முறியும், குறையின் வளையும். ஆகவே சிற்பியின் கை கொல்லனது கண்ணை நம்பியிருக்கின்றது. சிற்பம் தனியொருவன் ஆக்கம் அன்று, கூட்டுப்பணி என்பதற்கு இவ்வுலைக்களமே சான்று. முதலில் பேருளி கொண்டு பருமையாகவும், பின் நடுவுளி கொண்டு வடிவாகவும், இறுதியிற் சிற்றுளி கொண்டு நகைநுனி, நகக்கண், நெற்றிப்பட்டம் ஆகியவற்றை நுண்மையாகவும் செய்வர்; மெருகு வேண்டுமிடத்துக் குருந்தக்கல் கொண்டு தேய்ப்பர்.

வழிபாட்டிற்குரிய திருமேனியாயின் கண்ணைத் திறத்தலே கடைசித் தொழில். பொன்னூசி முதலியன கொண்டு ஸ்தபதி அதனைச் செய்வான். அதன்பின் நீரிலும் நெல்லிலும் திருமேனியை அமர்த்தும் ஜலாதிவாசம், தான்யாதிவாசம் முதலிய கிரியைகள் நிகழும். சிவாசாரியர் மந்திரத்தால் உயிர்நிலை ஏற்றுவர். அன்றுமுதல் தான் செய்த திருமேனியைச் சிற்பி தொடுதற்கும் உரியனல்லன். பல திங்கள் கையால் வருடி வளர்த்த வடிவத்தைத் திருவாயிலின் புறத்தே நின்று கைகூப்பித் தொழுவோருள் ஒருவனாய் நின்று காண்கின்றான். உலகத்தில் எத்தொழிலிலும் இத்தகைய துறவு காண்டல் அரிது.

இவர்கள் தொழில் செய்த வரன்முறையை முற்றுப்பெறாத பணிகளே நன்கு காட்டும். கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டிற் பாண்டியர் காலத்தே குடையப்பட்ட வெட்டுவான் கோயிலில் சிகரமும் மேற்பகுதியும் எழில் முற்றி நிற்க, அடிப்பகுதி செதுக்காது நிற்கின்றது. மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தனர் என்பது இதனால் வெளிப்படை. மதுரையிலோ புதுமண்டபத்திற்குக் கிழக்கே திருமலை நாயக்கர் தொடங்கிய இராயகோபுரம் கல்நிலையளவில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 50 அடி உயர்ந்த ஒற்றைக்கல் நிலைக்கால்களில் கொடிவேலை நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. கட்டடம் உயர்ந்த பின்னரே ஒப்பனை என்று காத்திராமல், கல் நிற்குந்தோறும் சிற்பமும் உடன் வளர்ந்தது என்பதை அக்கோபுரவாயில் காட்டுகின்றது.

உளங்கொண்ட முன்னோடிகள்

புதுமண்டபச் சிற்பிகளின் கருத்தில் நின்ற மூலங்கள் மூன்று. முதலாவது, பாண்டிநாட்டுப் பழம்பணி. 770 ஆம் ஆண்டில் ஆனைமலையிலும், 773 ஆம் ஆண்டில் திருப்பரங்குன்றத்திலும் குடையப்பெற்ற குடைவரைகள் மதுரையைச் சூழ்ந்த மலைகளிலேயே இருந்தன. மலையைத் திருமேனியாக்கும் திறம் இந்நாட்டார்க்குப் புதியதன்று. இரண்டாவது, விசயநகரத்தார் பரப்பிய தூண்சிற்ப முறை. தூணைத் தாங்குபொருளாக மட்டும் கொள்ளாது, தூணோடு ஒரே கல்லில் ஆளுயரத்தினும் மிக்க உருவங்களை முன்னே புடைத்து நிற்கச் செய்தல் அம்முறையின் சிறப்பு. அரியநாத முதலியார் 1569 ஆம் ஆண்டளவில் எடுப்பித்த, 985 தூண்களையுடைய ஆயிரக்கால் மண்டபம் அம்முறைக்கு மதுரையிலேயே முன்மாதிரியாய் நின்றது.

மூன்றாவது மூலமே தலையாயது, அது திருவிளையாடல். சொக்கநாதப் பெருமான் இந்நகரிலே நிகழ்த்தியனவாகப் பரஞ்சோதி முனிவர் பாடிய அறுபத்துநான்கு திருவிளையாடல்களும் மதுரை மக்களின் நாவிலும் செவியிலும் நின்றவை. சிற்பி அவற்றைக் கண்ணுக்கு உரியவாக்கினான். புதுமண்டபத்தில், கல்யானைக்குக் கரும்பு அருத்திய எல்லாம்வல்ல சித்தர் நிற்கின்றார். தாயை இழந்த பன்றிக்குட்டிகட்கு முலைகொடுத்த கருணை வடிவம் நிற்கின்றது. தடாதகைப் பிராட்டியாரின் வீரக்கோலமும், மால் தாரைவார்க்க நிகழும் திருமணக்கோலமும் நிற்கின்றன. ஊர்த்துவத் தாண்டவரும், அவரெதிரே காளியும், கயிலையை எடுக்க முயன்ற இராவணனும் உளர். கல்யானை கரும்பு தின்றதைக் கல்லிலே செதுக்கிய சிற்பியின் உளநிலையை எண்ணிப் பார்க்க. கல் உயிர்பெற்ற கதையை உயிரற்ற கல்லிற் காட்டுதல் அவனது தொழில். அவன் செய்த யானை கரும்பை ஏற்பதுபோலவே துதிக்கை நீட்டி நிற்கின்றது. தன் தொழிலின் பொருளை இவ்வொரு தூணிலேயே அவன் சொல்லிவிட்டான் எனல் தகும்.

இவ்வழி அக்காலத்தோடு அற்றுப்போனதும் அன்று. திருக்கோயிலினுள் சுவாமி சந்நிதியின் முன்னுள்ள கம்பத்தடி மண்டபம் 1870களில் நகரத்தார் பெருமக்களாற் புதுப்பிக்கப்பெற்றது. அங்குள்ள திருக்கல்யாணத் தூணையும் புதுமண்டபத்துத் திருக்கல்யாணத்தையும் ஒப்பிட்டு நோக்குவார், இடையே 200 ஆண்டுகட்கு மேற்பட்ட காலம் கழிந்தது என்று எளிதில் நம்பார். பெயர் எழுதாத மரபு கைவழியே அத்துணைக் காலம் தன்னைக் காத்துக்கொண்டது.

அரசனும் சிற்பியும்

புதுமண்டபத்தின் நடுவே, விசுவநாத நாயக்கர் முதலாகத் திருமலை நாயக்கர் ஈறாக, நாயக்க மன்னர் பதின்மரின் உருவங்கள் நிற்கின்றன. தெய்வத் திருவுருவங்களிடையே மானிடர் உருவங்களை இத்துணைப் பெரிதாக நிறுத்தல் தகுமோ என ஐயுறுவார் உளர். சிற்பி அதற்கு உரிய விடையைக் கல்லிலேயே வைத்துள்ளான். மன்னர் அனைவரும் கைகூப்பி நிற்கின்றனர். ஆண்டவர் எழுந்தருளும்போது அடியவர் நிற்கும் நிலை அது. மேலும், தெய்வங்கட்குத் தாலமான விதிப்படி இலக்கண வடிவம் கொடுத்த அதே கை, மன்னர்க்கு உள்ளவாறே உடல் கொடுத்தது. திருமலை நாயக்கர் பருத்த உடலும் சரிந்த வயிறுமாகவே காணப்படுகின்றார். கூலி கொடுத்த வேந்தனை இந்திரனாக்கிக் காட்டிப் பரிசு பெற்றிருக்கலாம். சிற்பி அது செய்திலன். தெய்வம் தெய்வமாகவும், மனிதன் மனிதனாகவும் நிற்றல் வேண்டும் என்பதில் அவன் உளி தவறவில்லை.

கல்லில் நின்ற வடு

இவ்வரசவுருவங்களைப் பற்றியே மதுரையில் நெடுங்காலமாக வழங்கும் கர்ணபரம்பரைச் செய்தி ஒன்றுண்டு. சுமந்திரமூர்த்தி ஆசாரி அரசியின் உருவத்தைச் செதுக்கி முடிக்குங்கால், தொடையினின்று ஒரு சில்லு தெறித்து வடு ஒன்று தோன்றியது. வேறு கல்லெடுத்துச் செய்தபோதும் அவ்விடத்திலேயே சில்லு தெறித்தது. அப்பணியை மேற்பார்த்து வந்தவர் நீலகண்ட தீட்சிதர். அவர், “அது இருக்க வேண்டுவதே; அவ்வாறே விடுக” என்று பணித்தார். பின்னர் மன்னர் வந்து நோக்கினர். அரசியின் உடம்பில் அவ்விடத்தே மறு உண்டு என்பதை அவர் அறிவார். அதனைத் தீட்சிதர் அறிந்தது எவ்வாறு என ஐயுற்றுச் சினந்து, அவரை அழைத்துவர ஏவினர். பூசையிலிருந்த தீட்சிதர் மன்னரின் எண்ணத்தை உணர்ந்து, தீபாராதனைக் கற்பூரச் சுடரால் தம் கண்களைத் தாமே அவித்துக்கொண்டனர். செய்தி கேட்ட மன்னர் நடுங்கி வந்து பிழைபொறுக்க வேண்டினர். தீட்சிதர் மீனாட்சியம்மையை ஆனந்தசாகரஸ்தவத்தால் துதித்துக் கண்ணொளி பெற்றனர் என்பது வரலாறாக வழங்குகின்றது.

இதனைக் கல்வெட்டுச் செய்தியாகக் கொள்ளுதல் கூடாது. செவிவழிச் செய்தியாகவே கொள்ளுதல் வேண்டும். நீலகண்ட தீட்சிதரோ வரலாற்றில் ஐயமின்றி வாழ்ந்தவர். அப்பைய தீட்சிதர் மரபினர். 1637 ஆம் ஆண்டில் நீலகண்டவிஜயம் என்னும் நூலை இயற்றியவர். மதுரைத் திருவிளையாடல்களைச் சிவலீலார்ணவம் என வடமொழியிற் பாடியவர். அத்தகைய சிவபத்தரைச் சிற்பியோடும் வேந்தரோடும் இணைத்து மக்கள் இக்கதையை ஏன் போற்றிவந்தனர் என்பதே ஆராய்தற்குரியது.

கதையில் மூவர் உளர். வேந்தர், வடுவில் ஐயத்தைக் கண்டார். தீட்சிதர், வடுவில் திருவருளைக் கண்டார். சிற்பியோ, முதலில் அதனைத் தன் பிழையாகக் கண்டான், மறுமுறை முயன்றான், தன் முயற்சிக்கு மேற்பட்டது ஒன்று உளது எனத் தெரிந்தபோது உளியைக் கீழே வைத்தான். குறையை மறைத்தற்குப் பூசி மெழுகவில்லை. அடங்காச் செருக்கோடு மூன்றாவது கல்லை நாடவுமில்லை. முயற்சி எல்லைவரை செல்லுதலும், எல்லை கண்டவிடத்து அடங்குதலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே அவன் தொழில்நெறி. இருவினையொப்பும் மலபரிபாகமும் பேசும் சைவநூல்கள் கூறும் பக்குவம், ஏட்டின்வழியன்றி உளியின்வழியே அவனுக்கு வாய்த்தது போலும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். பழுதுற்ற உருவம் வழிபாட்டிற்கு ஆகாது என்று ஆகமம் விதிக்க, வடுவை அவ்வாறே விடுதல் எங்ஙனம் பொருந்தும்? விதி பூசைக்குரிய திருமேனியைப் பற்றியது. கதையில் வருவதோ தூணில் நிற்கும் அடியவர் உருவம். திருமேனியில் குறை கூடாது. அடியவரிடத்தோ குறை இயல்பு. ஆகவே தீட்சிதர் ஆணை விதிக்கு மாறன்று என்க.

திருமேனியிலும், செய்வோன் பிழையால் வந்த பழுது வேறு. அன்பினால் வந்த சுவடு வேறு. காஞ்சியில் அம்மை தழுவக் குழைந்த சுவட்டைத் திருமேனியில் ஏற்றவர் ஏகம்பர். மதுரைக்கு அணித்தாகிய திருப்பூவணத்தில், பொன்னனையாள் என்னும் சிவபத்தை இறைவன் திருவுருவைப் பொன்னால் வார்ப்பித்து, அதன் அழகில் மயங்கி அன்பு மீதூரக் கன்னத்தைக் கிள்ள, நகக்குறி அவ்வாறே நின்றது எனத் திருவிளையாடல் கூறும். அக்குறியைக் குறையென்று எவரும் மாற்றத் துணிந்திலர். அழகு என்பது வடுவின்மையே என்று கொள்ளாமல், அன்பு தீண்டிய சுவட்டையும் அழகென்று கொண்டது இந்நாட்டுச் சைவம்.

பின்வந்த நிலை

புதுமண்டபம் பிற்காலத்தே பட்ட பாடு பெரிது. நெடுங்காலம் அது கடைகளால் நிரம்பிக் கிடந்தது. தையற்காரரும், பாத்திரக்கடையாரும், வளையற்காரரும், புத்தகம் விற்போரும் தூண்களின் இடையே அமர்ந்தனர். திருவுருவங்கள் துணிப்பொதிகளின் பின்னே மறைந்தன. ஏழைமக்கள் பிழைப்பு ஆங்கு நடந்ததாகலின் அவரை முற்றும் பழித்தலும் தகாது. அண்மை ஆண்டுகளில் அக்கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்திற்கு மாற்றப்பெற்றன. மறைந்திருந்த சிற்பங்கள் மீண்டும் காண்போர் கண்ணுக்கு வெளிப்படுகின்றன.

சிற்பிகளின் வழியும் அற்றுவிடவில்லை. பிள்ளையார்பட்டியில் 1927 ஆம் ஆண்டு பிறந்த கணபதி ஸ்தபதியார், தந்தையார் வைத்தியநாத ஸ்தபதியாரிடம் தொழில் பயின்று, மாமல்லபுரம் அரசினர் சிற்பப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராய் நெடுங்காலம் விளங்கினார். குமரிமுனையில் 2000 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற, பீடத்தோடு 133 அடி உயர்ந்த திருவள்ளுவர் சிலை அவர் தலைமையில் உருவாயது. அமெரிக்க நாட்டு ஹவாயித் தீவுகளுள் ஒன்றாகிய கவாயியில், சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் எண்ணிய இறைவன் கோயிலுக்கும் அவரே வகுத்தளித்தார். அதற்குரிய கற்கள் பெங்களூரை அடுத்த பட்டறையில், இயந்திரம் தீண்டாமல், கையுளியாலேயே செதுக்கப்பெற்றுக் கடல்கடந்து சென்றன. 2023 ஆம் ஆண்டு அக்கோயில் குடமுழுக்குக் கண்டது. ஸ்தபதியார் 2011 ஆம் ஆண்டே மறைந்தமையின் அதனைக் காணப்பெற்றிலர். தான் செய்ததைத் தான் காணாதொழிதலும் சிற்பியின் வாழ்வில் ஒரு கூறே போலும்.

ஆலயத்தை அரனெனவே கண்டு தொழுதல் வேண்டும் என்பது சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரக் கருத்து. அங்ஙனம் தொழுவார் அவ்வாலயத்தை எடுத்த கைகளை மறத்தல் முறையன்று. புதுமண்டபத்தின் தூண்களில் எண்ணெயும் திருநீறும் அப்பிக் கல்லின் நுண்மையை மறைத்தலும், பெயர்களைக் கீறுதலும், தூய்மை செய்யும் எண்ணத்தோடு மணல் வீசிச் சிற்பத்தின் தோலை உரித்தலும் சிற்பிக்கு மட்டுமன்றிச் சிவத்திற்கும் இழைக்கும் பிழைகளாம். சிற்றுளியால் ஒரு திங்கள் செய்த நகக்கண்ணை ஒரு நொடியில் அழித்தல் கூடும், மீட்டல் கூடாது.

ஆரப்பாளையத்துப் பிட்டுத்தோப்பில் ஆவணி மூலத்தன்று பாண்டியன் வீசிய பிரம்படி கூலியாளின் முதுகிற் பட்டது. அவ்வடியே அரசன் முதுகிலும், உயிர்கள் அனைத்தின் முதுகிலும் பட்டது. அந்தத் தழும்பினாலேயே பெயரறியாத கூலியாளை உலகம் இன்னானென்று தெரிந்துகொண்டது. புதுமண்டபத்துக் கல்லில் நின்றதாகச் சொல்லப்படும் வடுவினாலேயே பெயரெழுதாத சிற்பியை மதுரை மறவாதிருக்கின்றது. கோயில் வலம்வரும் அன்பர்கள் கோபுரத்தைத் தொழுதபின், அதனெதிரே நிற்கும் புதுமண்டபத்துத் தூணொன்றின் முன்னும் ஒரு கணம் நின்று, அக்கல்லைத் தொட்ட கைகளையும் நினைந்து தொழுவாராக.

சிவம்.